கோல் கணக்கில் வராத ஆட்டக்காரர்



மகள் வீட்டுக்கு மான்ட்ரியல் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த ஊரில் குளிர்காலம் என்றால் ஐஸ் ஹாக்கிதான். 11 வயதுப் பேரனும் ஆடுகிறான். போன வாரம் பயிற்சி முடிந்து வரும்போது காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னடா?" என்றேன். "நான் நிறுத்திடறேன் தாத்தா. இந்த வருஷம் ஒரு கோல்கூட போடலை" என்றான். அவன் ஆடுவது தடுப்பாட்டக்காரர் இடத்தில்!

வீட்டுக்கு வந்ததும், "உங்க ஊர் அணியிலேயே பெரிய ஆட்டக்காரர்கள் ஐந்து பேரைச் சொல்லு" என்றேன். மடமடவென்று சொன்னான். ஐந்து பேரும் கோல் போட்டவர்கள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மான்ட்ரியல் கனேடியன்ஸ் 1909-இல் தொடங்கிய அணி. இந்த விளையாட்டின் மிகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்றிருக்கிறது. வேறு எந்த அணியும் இதற்குப் பக்கத்தில்கூட இல்லை. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோப்பை இவர்களிடம்தான்.

இங்கே யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் மோரிஸ் ரிஷார். 1944-45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல். மொத்தம் 544 கோல். 1955 மார்ச்சில் அவரை அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்கள் முழுவதற்கும் தடை செய்தபோது ஊரே கொந்தளித்துக் கலவரம் நடந்தது. பிரெஞ்சு பேசும் மக்களுக்கு அவர் வெறும் ஆட்டக்காரர் இல்லை, அவர்களுடைய மானம். அடுத்து ஷான் பெலிவோ. ஆட்டக்காரராக மட்டும் 10 கோப்பை. பத்து வருடம் அணித் தலைவர். 1994-இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் பதவியே தேடி வந்தது. தந்தையை இழந்த பேத்திகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வேண்டாம் என்றுவிட்டார். தாத்தாவான எனக்கு அந்த ஒன்று போதும், அவரைக் கும்பிட.

இவர்கள் இருவரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் என் கணக்கில் முதல் இடம் டக் ஹார்விக்கு. என் பேரன் பட்டியலில் இல்லாத பெயர்.

ஹார்வி தடுப்பாட்டக்காரர். லீக்கில் ஆடிய காலம் முழுக்கச் சேர்த்து 88 கோல்தான். ரிஷாருடைய 544-க்குப் பக்கத்தில் வைத்தால் ஃபெயில் மார்க் மாதிரி தெரியும். ஆனால் அந்த ஐந்து கோப்பைகளின் முதுகெலும்பு அவர். அந்தக் காலத்தில் தடுப்பாட்டக்காரர் கையில் 'பக்' கிடைத்தால் பதறிப்போய் முன்னால் அடித்துத் தள்ளிவிடுவார். ஹார்வி அப்படிச் செய்ய மாட்டார். அவசரமே இல்லாமல் வைத்திருந்து, யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, சரியான ஆளிடம் சரியான நேரத்தில் கொடுப்பார். ஆட்டம் வேகமாகப் போக வேண்டுமா, மெதுவாகப் போக வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது ஏழு முறை கிடைத்தது.

எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது, அப்போதெல்லாம் இரண்டு நிமிடமும் முழுசாக முடிந்தால்தான் அவர் உள்ளே வரலாம். ஹார்வி பின்னால் நின்று நடத்திய இந்த அணி அந்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல், மூன்று கோல் என்று அடித்தது. 1955 நவம்பரில் பெலிவோ 44 விநாடியில் மூன்று கோல் போட்டார். கடைசியில் லீக்கே விதியை மாற்றி, ஒரு கோல் விழுந்ததும் அவர் திரும்பி வரலாம் என்றாக்கியது.

இன்னொரு காரணமும் உண்டு. ஓய்வூதியம் வாங்கிச் சாப்பிடுகிற ஆசிரியன் என்பதால் எனக்கு இது பெரிதாகப் படுகிறது. 1957-இல் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்து, எங்கள் ஓய்வூதியப் பணக் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். முன்னால் நின்றவர்களில் ஹார்வி ஒருவர். உச்சத்தில் இருந்தவர், தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். 1961-இல் அவரை நியூயார்க் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். சங்க வேலைதான் காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். போன இடத்தில் முதல் வருடமே ஏழாவது நாரிஸ் விருது!

ரிஷாருடைய 9-ஆம் எண் சட்டையை அவர் ஓய்வு பெற்ற 1960-லேயே மரியாதை செய்து உயரே ஏற்றினார்கள். ஹார்வியின் 2-ஆம் எண்ணுக்கு அந்த மரியாதை 1985-இல்தான். நான்கு வருடத்தில், 65 வயதில் காலமானார். குடி அவரைக் கெடுத்தது, மறைக்கவில்லை. அந்த விஷயத்தில் அவரைப் பின்பற்றச் சொல்லவும் இல்லை. ஆனால் அதற்காக அவர் ஆடிய ஆட்டம் இல்லையென்று ஆகிவிடாது.

இதை எழுதும்போது என் வகுப்பறை ஞாபகம் வருகிறது. முதல் மூன்று ரேங்குக்குப் பேனா பரிசு கொடுத்தேன். பக்கத்துப் பையனுக்குப் பொறுமையாக வகுத்தல் சொல்லிக் கொடுத்த பிள்ளையை, "வகுப்பில் பேச்சா?" என்று எழுப்பி நிற்க வைத்தேன். உங்களில் யாரோ ஒருவர்தான் அது. தாமதமாகச் சொல்கிறேன், தப்பு என்னுடையது.

பேரனுக்கு ஹார்வியின் பழைய ஆட்டப் படங்களைத் தேடிப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பயிற்சிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். திரும்பி வந்து, "தாத்தா, இன்னிக்கு மூணு கோலுக்கு நான்தான் பாஸ் கொடுத்தேன்" என்றான். இதுவரை அவன் எண்ணாத கணக்கு அது.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் இன்று கேளுங்கள்: "எத்தனை மார்க்?" என்று இல்லை, "யாருக்கு உதவினாய்?" என்று. என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு சார்