அப்பாவோட புல்லட்டுக்கு எதுக்குங்க ஆட்டுக்கொம்பு?

ஊர்ல அப்பா ஓட்டின புல்லட்டை ரயில்ல பார்சல் போட்டு பெங்களூருக்குக் கொண்டுவந்து வச்சிருக்கற நம்மாளுங்க நிறைய. ரொம்ப சந்தோஷம். ஆனா வண்டி வந்த முதல் சனிக்கிழமையே ஜே.சி. ரோட்டுக்குப் போய், பளபளன்னு ஒரு ஹேண்டில்பாரை வாங்கி மாட்டிடறாங்க பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

"எல்லாத்துக்கும் சேரும் சார், யுனிவர்சல்"னு கடைக்காரர் சொல்வார். எந்த யுனிவர்ஸ்ல?

1955-ல ரெட்டிச்சில இருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்துதான் இங்க புல்லட்டுக்கு வழி பண்ணினாங்க. வண்டி பிரிட்டிஷ், அதனால கணக்கும் அங்குலக் கணக்கு. ஹேண்டில் குழாயோட விட்டம் 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. பி.எஸ்.ஏ., நார்ட்டன் எல்லாம் பெரும்பாலும் இதே அளவுதான். பழைய டிரையம்ப் சிலதுல மட்டும் 1 அங்குலம். இப்ப குரூஸர் ஸ்டைல்னு விக்கற தடிக் குழாய் பலதும் அதே 1 அங்குலம், 25.4 மி.மீ.

3.2 மி.மீ. தானே வித்தியாசம்? அங்கதான் வில்லங்கம். தடிக் குழாய் உக்காரலைன்னா கிளாம்பை அரத்தால ராவிடுவாங்க. குழாய் மெல்லிசா இருந்தா தகரத்தை வெட்டிச் சுத்தி இறுக்கிடுவாங்க. அவசரமா முன் பிரேக் பிடிக்கறப்ப உங்க எடை மொத்தமும் கை வழியா அந்தக் குழாய்லதான் இறங்கும். அது அப்படியே முன்னாடி சுத்திக்கிச்சுன்னா? பேங்க்ல கையெழுத்து லேசா மாறினாலே செக்கைத் திருப்பி அனுப்பறோம். உயிரைப் பிடிச்சிருக்கற குழாய்க்கு மட்டும் "கிட்டத்தட்ட" போதுமாங்க?

இன்னொண்ணு ஏப் ஹேங்கர். பஸ்ல மேல் கம்பியைப் பிடிச்சுத் தொங்கற மாதிரி வண்டி ஓட்டணும். சில்க் போர்டு நெரிசல்ல, ஹாஃப் கிளட்ச்ல அரை மணி நேரம் அப்படி நின்னு பாருங்க, தெரியும். ஹேண்டில் உயரமானா கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூணு கேபிளும் நீளமாகணும். பழைய கேபிளையே இழுத்து மாட்டினா, யு டர்ன்ல ஹேண்டிலை ஒடிக்கறப்ப ஆக்ஸிலரேட்டர் தானா ஏறும்.

பையன் உயரம், முதுகு வலிக்குது, ஓர் அங்குலம் ஏத்தணும்ங்கறீங்களா? தாராளமா ஏத்துங்க, நியாயம்தான். ஆனா அளந்து ஏத்துங்க. பழைய ஹேண்டிலைக் காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி (அது வளையாம இருந்தா) செய்தித்தாள் மேல வச்சு பென்சிலால கோடு போட்டுக்குங்க. முனைக்கு முனை அகலம், கிளாம்ப்ல இருந்து எவ்வளவு உயரம், ஓட்டறவர் பக்கம் எவ்வளவு பின்னால வருது, எல்லாத்தையும் குறிச்சுக்குங்க. மாட்டின பிறகு, வண்டியை நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பணும். இஞ்சின் சத்தம் மாறக் கூடாது. டேங்குக்கும் பிடிக்கும் நடுவுல விரல் நசுங்கக் கூடாது.

வாங்கறப்பவே வெர்னியர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. "அதெல்லாம் எதுக்கு சார்"னு இழுத்தாருன்னா அடுத்த கடைக்கு நடங்க. அந்த ரோட்டுல கடைக்கா பஞ்சம்?