கொரியாக்காரன் தமிழனா? போதும் ஐயா, போதும்!

கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் மேற்படிப்புக்குக் கொரியா கிளம்பினால், பெட்டியில் கடலை மிட்டாயோடு ஒரு கதையும் போகிறது. "கொரியாக்காரனும் தமிழன்தாம்லே! அவனும் அம்மா, அப்பான்னுதான் கூப்பிடுதான். நம்ம இளவரசி செம்பவளம்தான் அங்க போயி ராணியானா." டீக்கடையில் ஒருவர் சொல்கிறார், யூடியூபில் பத்துப் பேர் சொல்கிறார்கள். அவ்வளவுதான், வரலாறு தயார்!

கடலை மிட்டாய் அசல். 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. கதை அப்படியா?

இளவரசி கதை வருவது 13-ஆம் நூற்றாண்டில் இல்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா'வில். கி.பி. 48-ல் 'அயுதா' நாட்டிலிருந்து கடல்வழி வந்தவள், கயா நாட்டு மன்னன் சூரோவை மணந்தாள் என்கிறது அது. பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். செம்பவளமும் இல்லை, பாண்டிய நாடும் இல்லை. அயுதா என்பது அயோத்தி என்று சொல்லி 2001-ல் அங்கே நினைவிடமே எழுப்பியாயிற்று. இல்லை, கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடுதான் என்பது இன்னொரு கட்சி. ஒரே பெண்ணுக்கு எத்தனை பிறந்த வீடு!

சரி, அம்மா அப்பா? குழந்தை வாயில் முதலில் வருவது ம, ப ஒலிகள். அதனால் உலகெங்கும் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் இப்படித்தான் இருக்கின்றன. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அதற்காக ஜார்ஜியாக்காரர்கள் எல்லாரும் தாய்மாமன் ஆகிவிடுவார்களா? ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. வினைச்சொல் கடைசியில் வருவது ஜப்பானியத்திலும் துருக்கியிலும்கூட உண்டு.

"சும்மா ஒரு பாசத்துக்குச் சொல்றதுதானே, என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்கலாம். தமிழ் வடமொழியிலிருந்து பிறந்தது என்று யாராவது சொன்னால் தமிழனுக்கு எப்படி இருக்கிறது? அதையேதான் கொரியாக்காரனிடம் பாசம் என்ற பெயரில் செய்கிறான். 'நீ என்னிடமிருந்து வந்தவன்' என்பதற்குப் பெயர் பாசமா?

இன்னொரு நஷ்டமும் உண்டு. எல்லாம் நம்முடையதுதான் என்று போகிறவன் கண்ணுக்கு எதுவும் புதிதாகத் தெரியாது. தமிழில் ஆணும் பெண்ணும் அண்ணனை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே தம்பிக்கு அவர் 'ஹ்யோங்', தங்கைக்கு 'ஓப்பா'. எதிரே இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து வினைச்சொல்லின் முடிவே மாறும். பெரியவர் ஊற்றித் தருவதை இரண்டு கையால் வாங்கி, முகத்தைத் திருப்பிக் குடிக்க வேண்டும். வாடகை ஹன்போக் உடுத்திப் போனால் கியோங்போக் அரண்மனையில் இலவச அனுமதி. படம் எடுத்துத் திரும்புகிறவன், ஜப்பானியர் ஆட்சியில் இடித்த அந்த அரண்மனையை 1990 முதல் மறுபடி எழுப்பி வருகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. அங்கே பழமை தானாக நின்றுவிடவில்லை. மரபுக் கலைகளையும் கைத்தொழில்களையும் காக்க 1962-லேயே சட்டம் போட்டார்கள். குளிர்காலத்துக்கு ஊரே கூடிக் கிம்ச்சி போடும் வழக்கம் 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

உண்மையான ஒற்றுமை வேண்டுமா? 'போரித்கோகே' என்று ஒரு கொரியச் சொல் உண்டு. 'வாற்கோதுமை மேடு' என்று பொருள். பழைய அரிசி தீர்ந்து, வாற்கோதுமை இன்னும் விளையாத பசிக் காலம். நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டும், மற்ற நாளெல்லாம் கம்பும் குதிரைவாலியும் என்று வாழ்ந்த கரிசல் காட்டுக் கிழவிக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டாம். இளவரசி தேவையில்லை, பசி போதும்.

ஆனால் பையனுக்குக் குதிரைவாலிச் சோறு ஆக்கத் தெரியுமா? பாட்டியிடம் கேட்டிருக்கிறானா? கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் 1982-லேயே கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்தார். அதைப் புரட்டாதவன்தான் சியோலில் போய்த் தமிழ்ச் சொல் தேடுகிறான்.

கொரியா போகிறவன் கொரியாவைப் பார்க்கட்டும். உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று அவர்கள் கேட்டால், கரிசல் காட்டுச் சாப்பாட்டைச் சொல்லட்டும். செம்பவளம் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்.