யாருக்குப் போட்ட இலை?

யாழ்ப்பாணத்துக்கு வருவோர் எங்கே உண்ண வேண்டும், எவற்றைப் பார்க்க வேண்டும் என்று கூறும் பட்டியல்கள் இன்று மலிந்துவிட்டன. வழிகாட்டி நூல்கள் கூறுகின்றன. பத்திரிகைகளின் உல்லாசப் பக்கங்கள் கூறுகின்றன. விடுதிகளின் வரவேற்பு மேசைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் வண்ணத் தாள்கள் கூறுகின்றன. பார்ப்பதற்கு நல்லூர்க் கோயில், கோட்டை, நூல்நிலையம், காரைநகரின் கசூரினாக் கடற்கரை, நயினாதீவு. உண்பதற்கு வாழையிலைச் சோறு, நண்டுக் கறி, ஒடியற் கூழ், நல்லூர்ப் பக்கத்து ஐஸ்கிறீம். இவ்வளவோடு யாழ்ப்பாணம் முடிந்துவிடுகின்றது. வந்தவர் வயிறு நிறைந்து, படமும் பிடித்துக்கொண்டு திரும்புகின்றார்.

உண்பதையும் ஊர் பார்ப்பதையும் வெறுக்கும் வறட்டுத் துறவிகள் அல்லர் நாம். நல்ல உணவு மக்களின் ஆக்கம். பல தலைமுறைப் பெண்களின் கைப்பழக்கமும், தோட்டக்காரனின் வியர்வையும், கடலோடியின் துணிவும் கலந்தே ஒரு கறி சுவை பெறுகின்றது. அதனைப் போற்றுவது மக்களைப் போற்றுவதாகும். எமது குறை வேறு. இலையில் என்ன பரிமாறப்படுகின்றது என்பதை இப்பட்டியல்கள் விரிவாகச் சொல்கின்றன. அந்த இலை யாருக்குப் போடப்பட்டது, யாருக்குப் போடப்படவில்லை என்பதைச் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இது சிறிய விடுபாடு அன்று. எங்கே அமர்ந்து உண்ணலாம் என்ற கேள்விக்காகவே இம்மண்ணில் மனிதர் அடிபட்டிருக்கின்றனர், உயிரும் துறந்திருக்கின்றனர்.

பிறருடைய பட்டியலைக் குறை கூறுவோர் தம்முடையதை முன்வைக்கக் கடமைப்பட்டவர். ஆகவே நாமும் ஒன்று தருகின்றோம்.

எமது பட்டியலில் முதலிடம் பெறுவது பெயர்பெற்ற உணவுச்சாலை எதுவுமன்று. சந்தியிலே நிற்கும் சாதாரணத் தேநீர்க்கடை. உள்ளே ஒரு மேசை, இரண்டு வாங்குகள், கண்ணாடிப் பெட்டியில் வடையும் பணிசும். யாரும் நுழையலாம், எந்த வாங்கிலும் இருக்கலாம், எல்லோருக்கும் ஒரே விதமான கிளாசில் தேநீர் வரும். இதில் என்ன புதுமை என்று இன்றைய மாணவர் வினவக்கூடும். அவர் அவ்வாறு வினவக்கூடிய நிலை வந்ததே புதுமை. அரை நூற்றாண்டுக்குச் சற்று முற்பட்ட காலத்தில், யாழ்ப்பாணக் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் இக்கடைகளின் உள்ளே கால் வைக்க முடியாது. வெளியே நிலத்தில் குந்தியிருக்க வேண்டும். அவனுக்கெனப் புறம்பாக வைக்கப்பட்ட போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ தேநீர் ஊற்றப்படும். காசு மட்டும் ஒரே காசு. அதற்குத் தீட்டு இருக்கவில்லை.

இந்த நிலை தானாக மாறியதென்று எண்ணுவோர் வரலாற்றை அறியாதவர். சிறுபான்மைத் தமிழர் மகாசபை ஐம்பதுகளிலேயே தேநீர்க்கடைகளின் கதவுகளைத் தட்டியது. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. கடையிலோ கோயிலிலோ சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது அன்றிலிருந்து குற்றம். ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தது. போத்தல் கடையில் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் சென்ற பின்னரும், 1966 ஒக்டோபர் 21ஆம் நாள், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாக வர வேண்டியிருந்தது. பொலிஸாரின் குண்டாந்தடிகள் அவர்களை எதிர்கொண்டன. சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும் என்ற முழக்கம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. சங்கானையிலும் வேறு பல இடங்களிலும் தேநீர்க்கடைப் பிரவேசங்கள் நிகழ்ந்தன. 1968இல் போராட்டம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலை அடைந்தது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. அவற்றின் விலையாகக் கிடைத்ததே இந்த வாங்கு.

எனவே எமது இரண்டாவது இடம் முற்றவெளி. கோட்டைக்கு முன்னே விரிந்து கிடக்கும் இந்த வெளியை உல்லாசப் பயணிகள் வாகனம் நிறுத்தும் இடமாகவே அறிவர். அன்றைய ஊர்வலம் வந்து சேர்ந்து கூட்டம் நடத்தியது இங்கேதான். ஒல்லாந்தரின் கொத்தளங்களை வியந்து பார்ப்பவர் சற்றுத் திரும்பி இந்தப் புல்வெளியையும் பார்க்கட்டும். கோட்டை மக்களை வெளியே நிறுத்தக் கட்டப்பட்டது. முற்றவெளியில் வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் ஒன்றுகூடினர்.

"பழைய புண்ணை ஏன் கிளறுகின்றீர்கள்? சாதியை இப்போது யார் பார்க்கின்றார்கள்?" என்று கேட்கும் பெரியோர்கள் உளர். புண் ஆறிவிட்டதென்று சொல்லும் உரிமை புண்பட்டவனுக்கே உண்டு. 2018ஆம் ஆண்டில் தென்மராட்சியின் வரணியில் அம்மன் கோயில் தேரொன்று மண் கிண்டும் இயந்திரத்தால் இழுக்கப்பட்ட காட்சியை நாடே கண்டது. தாம் வடத்தைத் தொடக்கூடாது என்பதற்காகவே இயந்திரம் கொண்டுவரப்பட்டது என அவ்வூரின் ஒடுக்கப்பட்ட மக்கள் குற்றஞ்சாட்டினர். மனிதனின் கையைவிட இரும்பின் கை தூய்மையானது என்று கருதும் மனம் இன்னும் உயிரோடு இருக்கும்போது, பழைய கதை என்று கூறிக் கடந்துபோக நம்மால் இயலாது. எந்த உரிமை எவ்வாறு கிடைத்தது என்பதை அறியாத தலைமுறை, அதனை இழக்கும்போதும் அறியாது.

மூன்றாவதாகக் கூழுக்கு வருவோம். உணவுச்சாலைகள் இன்று இதனை "யாழ்ப்பாணத்தின் பாரம்பரியச் சுவை" என்று அலங்கரித்து விற்கின்றன. விற்கட்டும். ஆனால் யாருடைய பாரம்பரியம்? பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த ஒடியல் மா கைப்புடையது. நீரில் ஊறவிட்டுத் தெளிந்த நீரை வடித்துக் கைப்பகற்றுவர். அதனோடு அன்று வலையில் மிஞ்சிய சிறுமீன், இறால், நண்டு, வளவில் கிடைத்த பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை, செத்தல் மிளகாய், பழப்புளி. நெல் வாங்க வழியற்றவர்களுக்குப் பனையும் கடலும் கொடுத்த உணவு அது. பெரிய பானையைச் சுற்றிக் குந்தியிருந்து, பலாவிலையைக் கோலியோ பனையோலைப் பிளாவிலோ ஊற்றிக் குடித்தனர். வறுமையின் அறிவு உருவாக்கிய உணவை வசதியின் அலங்காரமாக்கும்போது, அதனை உருவாக்கியவரின் பெயர் மறைந்துபோகின்றது. கூழ் குடிக்க விரும்புவோர் அதற்கு முன் ஒரு காலையில் குருநகருக்கோ பாசையூருக்கோ செல்லட்டும். கரைக்கு வரும் வள்ளங்களைப் பார்க்கட்டும். ஏலம் கூறப்படுவதைக் கேட்கட்டும்.

யாழ்ப்பாணத்து நண்டு கொழும்பின் ஆடம்பர உணவுச்சாலைகளில் நமது நகரின் பெயரைத் தாங்கிப் பெருவிலைக்குப் போகின்றது. அதைப் பிடித்தவனின் நிலை யாது? போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயரால் அவனுக்குக் கடல் மறுக்கப்பட்டது. போர் ஓய்ந்த பின்னர், பாக்கு நீரிணையைக் கடந்து வரும் இந்திய இழுவைப் படகுகள் அவனது வலையை அறுத்தன. கடலின் அடித்தளத்தையே வாரிச் சென்றன. அடிமட்ட இழுவை முறையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. தடை வந்ததனால் மட்டும் தொல்லை நீங்கிவிடவில்லை. அக்கரையில் அப்படகுகளில் கூலிக்கு வருபவனும் ஏழைத் தொழிலாளியே என்பதை நாம் மறக்கவில்லை. படகின் முதலாளி கடலுக்கு வருவதில்லை. நண்டுக் கறியின் காரத்தைப் புகழும் பட்டியல்களில் இக்கதைக்கு ஒரு வரி இடமுண்டா?

நான்காவது இடம் சோனகதெரு. பல பட்டியல்களில் இப்பெயரே இராது. இராமைக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை உரத்துச் சொல்ல நம்மவர் தயங்குகின்றனர். 1990 ஒக்டோபர் மாத இறுதியில், தமிழீழ விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டனர். வட மாகாணம் முழுவதிலுமாக 70,000இற்கும் அதிகமானோர் தமது வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் விட்டுச் சென்றனர். தலைமுறை தலைமுறையாக நம்மோடு ஒரே மொழி பேசிய மக்கள். நமது சந்தையில் வணிகம் செய்தவர்கள். நமது பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தவர்கள். திரும்பி வந்தோர் ஒரு பகுதியினரே. அந்தத் தெருவில் நடப்பவர், ஒஸ்மானியாக் கல்லூரியின் முன்னே சற்று நிற்பவர், அங்குள்ள கடையொன்றில் ரொட்டியும் தேநீரும் வாங்கி உண்பவர், யாழ்ப்பாணத்தின் குற்றத்தையும் அறிந்துகொள்வர். பிறர் நமக்கிழைத்த கொடுமையை மட்டும் எண்ணி, நம்மவர் பிறருக்கிழைத்ததை எண்ணாதவன் நீதியைக் கேட்கும் தகுதியை இழக்கின்றான்.

ஐந்தாவது, நூல்நிலையம். இது எல்லாப் பட்டியல்களிலும் உண்டு. ஆனால் வெண்ணிறக் கட்டடமாகவும், சரசுவதி சிலையாகவும், படம் பிடிக்கத்தக்க பின்னணியாகவும் உண்டு. 1933இல் க. மு. செல்லப்பா தமது வீட்டில் சேர்த்து வைத்த நூல்களிலிருந்து தொடங்கிய முயற்சி, 1959இல் இப்பெரும் கட்டடமாகத் திறக்கப்பட்டது. 1981 மே 31ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பொலிஸாரும் காடையரும் இட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. எரித்தவர்கள் அறிந்தே எரித்தனர். எழுத்தறிவு எல்லோருக்கும் பொதுவாகும்போது அடிமைத்தனம் நிலைக்காது என்பதை ஆள்வோர் எப்போதும் அறிவர். மீளக் கட்டப்பட்ட இந்நிலையத்தின் வாசலில் நின்று படமெடுத்துத் திரும்புதல் போதாது. உள்ளே சென்று ஒரு நூலைக் கையில் எடுத்து, மாணவர்களோடு மாணவராக ஒரே மேசையில் அமர்ந்து படிக்க வேண்டும். தேநீர்க்கடையின் வாங்கும் நூல்நிலையத்தின் வாங்கும் ஒரே உரிமையின் இரு வடிவங்கள்.

இதே நகரின் முடிதிருத்தகம் ஒன்றில் தொழில் செய்தபடியே டொமினிக் ஜீவா 1966இல் "மல்லிகை" இதழைத் தொடங்கினார் என்பதையும் இங்கு நினைவூட்டுவோம். கோயில்களையும் கோட்டையையும் சுட்டும் பட்டியல்கள், இலக்கியம் வளர்த்த முடிதிருத்தகத்தைச் சுட்டுவதில்லை. எது பார்க்கத்தக்கது என்று தீர்மானிக்கும் கண் எந்த வர்க்கத்தின் கண் என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. "உல்லாசப் பயணத்தால் நமது மக்களுக்குத் தொழில் கிடைக்கின்றது, இத்தகைய கதைகளைச் சொல்லி வருவோரை விரட்டலாமா?" என்பர். தொழில் கிடைக்கட்டும், அதை நாமும் வேண்டுகின்றோம். ஆனால் எத்தகைய தொழில்? யாருடைய கைக்கு வருமானம்? திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் அமைந்த "அம்மாச்சி" உணவகத்துக்குச் செல்லுங்கள். அதுவே எமது பட்டியலின் ஆறாவது இடம். பெண்களே சமைக்கின்றனர், பெண்களே விற்கின்றனர், தோசையும் இடியப்பமும் புட்டும் குரக்கன் பண்டங்களும் கண்ணெதிரே தயாராகின்றன, விலையும் ஏழைக்கு எட்டும். மாணவனும் கூலித் தொழிலாளியும் வெளிநாட்டிலிருந்து வந்தவரும் ஒரே வரிசையில் நின்று வாங்குகின்றனர். வீட்டு அடுப்படியில் கூலியும் பெயருமின்றிக் கிடந்த உழைப்பு இங்கே வருமானமாகின்றது. உல்லாசப் பயணம் மக்களுக்குப் பயன்பட வேண்டுமெனில் இவ்வழியில் பயன்படட்டும். பெருமுதல் படைத்தவன் கடற்கரையை வேலியிட்டு, அதில் நமது பிள்ளைகள் தட்டுக் கழுவுவதை வளர்ச்சி என்று கூறினால் அதை நாம் ஏற்கமாட்டோம்.

ஆசிரிய நண்பர்களே, இப்பட்டியலை நாம் உங்களை மனத்திற்கொண்டே எழுதினோம். ஆண்டுதோறும் நீங்கள் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்கின்றீர்கள். தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆசிரியர்கள் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவருகின்றார்கள். கோட்டையை அளந்து, ஐஸ்கிறீம் உண்டு, பஸ் ஏறிவிட்டால் அப்பிள்ளைகள் கற்றது என்ன? கோட்டையையும் காட்டுங்கள், ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுங்கள். அதன் பின் முற்றவெளியில் அவர்களை அமரச் செய்து 1966இன் ஊர்வலத்தைப் பற்றிக் கூறுங்கள். சோனகதெருவில் நடத்திச் செல்லுங்கள். பின்னர் ஒரு சாதாரணத் தேநீர்க்கடையில் எல்லோரையும் ஒரே வாங்கில் இருத்தி, ஆளுக்கொரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தேநீருக்கு இம்மக்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை, அவர்கள் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.