தேய்ந்த சுவிட்ச்: திருத்துவதா, மாற்றுவதா?

கற்பிட்டியில் என் கடையோரம் சிறுவர்கள் விளையாட வீடியோ கேம் இயந்திரம் ஒன்று வைத்திருந்தேன். ஒருநாள் அதன் பொத்தானொன்று வேலை செய்யவில்லை. செலவை மிச்சம் பிடிக்க எண்ணி, உள்ளிருந்த மைக்ரோ சுவிட்சைத் திறந்து அதன் முனைகளை அரத்தால் தேய்த்தேன். ஒரு வாரம் ஓடியது. பிறகு அடியோடு நின்றது. பாடசாலை விடுமுறை வருமானமும் போனது.

பிழை என்னுடையதே. அம்முனைகளின் வெள்ளி அல்லது தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்தால் அடி உலோகம் வெளிவரும். ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமான நம் ஊரில் மீதியை உப்புக் காற்று முடித்துவிடும்.

வர்த்தகச் சகோதரர்களே! முதலில் வயர் முனையில் துரு உள்ளதா எனப் பாருங்கள். சுவிட்சே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். 2022இல் டொலர் ஏறத்தாழ 360 ரூபாவானபோது பழையதைத் துடைத்து ஓட்டியதில் நியாயம் இருந்தது. ஆனால், துடைத்துவிட்டு "புதிது போட்டேன்" என்று காசு வாங்குவது வியாபாரமல்ல. கழற்றிய பழைய சுவிட்சை வாடிக்கையாளர் கையிலேயே கொடுங்கள். அவர் மறுமுறையும் உங்களிடமே வருவார்.