'மைனர்' எழுதின ஏ மைனர்!

நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரங்க காதுக்குன்னு ஒரு ஸ்பெஷல் திறமை உண்டு, கவனிச்சிருக்கீங்களா? தெருமுனையில ஏதாவது வெடிச்சா, எட்டிக்கூடப் பார்க்காம சொல்லிடுவோம். இது குருவி வெடி, இது லட்சுமி வெடி, இது சரம், இது அணுகுண்டு! வெளியூர்க்காரங்களுக்கு எல்லாமே 'டமார்'தான். நமக்கு ஒவ்வொண்ணும் ஒரு குரல்.

அந்தக் காதை இந்த வாரம் கொஞ்ச நேரம் கடனாக் கேட்கிறேன். 21 நிமிஷம் போதும். விருதுநகர்ல பஸ் ஏறினீங்கன்னா சிவகாசி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

கேட்கப்போறது ஒரு பியானோ கான்செர்டோ. "ஐயய்யோ, வெஸ்டர்ன் கிளாசிக்கலா? ஆளை விடுங்க சாமி"ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு நம்ம இளையராஜாவோட 'வேலியன்ட்' சிம்பொனியை வாசிச்சப்போ, டீக்கடை வரைக்கும் சிம்பொனி பத்திப் பேசினோமே! சிம்பொனிங்கிறது மொத்த இசைக்குழுவும் சேர்ந்து சொல்ற கதை. கான்செர்டோங்கிறது ஒரே ஒரு ஆள் நடுவுல உட்கார்ந்து, மொத்தக் குழுவோடயும் பேசுறது, சண்டை போடுறது, சமாதானம் ஆகுறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்ற கான்செர்டோ பீத்தோவனோ சாய்கோவ்ஸ்கியோ எழுதினது இல்லை. எழுதினவங்க பேர் கிளாரா வீக். ஜெர்மனியில லைப்சிக் நகரத்துப் பொண்ணு. பிறந்தது 1819. இந்த இசையை எழுத ஆரம்பிச்சப்போ வயசு 13. அது ஏ மைனர்ங்கிற ஸ்கேல்ல அமைஞ்சது. எழுதினவங்களும் மைனர்தான்!

1835 நவம்பர் 9-ம் தேதி லைப்சிக்கோட புகழ்பெற்ற கெவான்ட்ஹவுஸ் அரங்கத்துல அரங்கேற்றம். பியானோவுல உட்கார்ந்தது 16 வயசு கிளாராவேதான். இசைக்குழுவை நடத்தினது யாரு தெரியுமா? மெண்டல்சன்! நாமெல்லாம் பிளஸ் ஒன்ல பிராக்டிகல் நோட்டுக்கு அட்டை போட்டுக்கிட்டு இருந்த வயசு அது.

சரி, ஹெட்போனை மாட்டுங்க.

முதல் பகுதி ஆர்கெஸ்ட்ராவோட ஆரம்பிக்கும், அணிவகுப்பு மாதிரி கம்பீரமா. அப்புறம் பியானோ திடுதிப்னு படியேறி வரும். உண்மையைச் சொல்றேன், முதல் தடவை கேட்டப்போ எனக்கு இந்த இடம் பெரிசாப் பிடிக்கலை. அந்தக் காலத்து பியானோ ஸ்டார்கள் எல்லாரும் செய்த விரல் வித்தைதானேன்னு தோணுச்சு. சரவெடி. சத்தம் நிறைய, சங்கதி கம்மி. கண்ணை மூடித் தூங்கலாம்னு பார்த்தேன்.

தூங்க விடலை. ஏன்னா, முதல் பகுதி முடியவே இல்லை! வழக்கமா ஒரு பகுதி முடிஞ்சா 'டண்டடாய்ங்'னு ஒரு முத்தாய்ப்பு வரும், ஜனங்க இருமிக்குவாங்க, அப்புறம் அடுத்தது. இங்கே அது கிடையாது. சரத்துல ஒரு வெடியிலேர்ந்து அடுத்த வெடிக்குத் திரி ஓடுற மாதிரி, இசை நிக்காம அப்படியே அடுத்த பகுதிக்குள்ள நழுவிடுது. அதுவும் ஏ மைனர்லேர்ந்து ஏ ஃபிளாட் மேஜருக்கு. ஆதார சுருதி அரை சுரம் கீழே போயிடுது. நம்ம வீட்டுல தூங்கி, பக்கத்து வீட்டுல முழிச்ச மாதிரி இருக்கும்!

இந்த ரெண்டாவது பகுதிதான் விஷயமே. 'ரொமான்ஸ்'னு பேர். மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வாயை மூடிக்கிச்சு. பியானோ மட்டும் தனியாப் பேசுது. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரே ஒரு செல்லோ வந்து பக்கத்துல உட்காருது. அவ்வளவுதான். அரங்கம் முழுக்க ஆள் இருந்தும் ரெண்டு பேர் மட்டும் பேசிக்கிறாங்க. கேன்டீன் சத்தத்துக்கு நடுவுல மூலை டேபிள்ல ரெண்டு பேர் மெதுவாப் பேசிக்கிட்டு இருப்பாங்களே, அந்த மாதிரி. கடைசியில தூரத்து இடி மாதிரி டிம்பனி உறும ஆரம்பிக்கும்போதுதான் நாம எங்கே இருக்கோம்னே ஞாபகம் வரும்.

மூணாவது பகுதி, போலந்து நாட்டு நடனத் தாளத்துல துள்ளுது. நீளம் கொஞ்சம் ஜாஸ்திதான். இந்தப் பகுதியைத்தான் கிளாரா முதல்ல தனியா எழுதினாங்க. அதுக்கு ஆர்கெஸ்ட்ரா பாகத்தை அமைக்க உதவினவர், அவங்க அப்பாகிட்ட பியானோ கத்துக்க வந்த ஒரு இளைஞர். பேரு ராபர்ட் ஷூமான். ஆமா, அந்த ஷூமான்தான்! மத்த ரெண்டு பகுதியையும் கிளாராவே எழுதி, ஆர்கெஸ்ட்ராவையும் தானே அமைச்சாங்க.

அப்புறம் நடந்தது அப்படியே நம்ம சினிமா. ரெண்டு பேருக்கும் காதல். அப்பா ஒத்துக்கலை. கேஸ் கோர்ட்டுக்கே போச்சு. ஜெயிச்சு, 1840 செப்டம்பர் 12-ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. மறுநாள் கிளாராவுக்கு 21-வது பிறந்தநாள்!

இதோட 'சுபம்' போட்டுடலாம்னுதான் ஆசை. ஆனா, எனக்கு உறுத்துற விஷயம் இனிமேதான் இருக்கு.

இந்த கான்செர்டோ அச்சுல வந்ததும், ராபர்ட் நடத்தின பத்திரிகையிலேயே ஒரு விமர்சனம் வந்துச்சு. எழுதினவர் பெக்கர்ங்கிறவர். அவர் சொன்னதோட சாரம் என்னன்னா, இது ஒரு பெண்மணி எழுதினது, அதனால இதை முறையா விமர்சனம் பண்றதுங்கிற பேச்சுக்கே இடமில்லை. நல்லா இருக்குன்னும் இல்லை, நல்லா இல்லைன்னும் இல்லை. கணக்குலயே சேர்க்கலை!

1839-ல, 20 வயசுல, கிளாரா தன் டைரியில எழுதறாங்க. இசை படைக்கிற திறமை தனக்கு இருக்குன்னு ஒரு காலத்துல நம்பினதாகவும், இப்போ அந்த நினைப்பை விட்டுட்டதாகவும், பெண்ணாப் பிறந்தவ அதுக்கு ஆசைப்படக் கூடாதுன்னும். 16 வயசுல கெவான்ட்ஹவுஸையே அசத்தின பொண்ணு!

அதுக்கப்புறமும் கொஞ்சம் எழுதினாங்க. ஆனா ரெண்டாவது கான்செர்டோ ஒண்ணை முழுசா முடிக்கவே இல்லை. எட்டுக் குழந்தைகள். 1856-ல கணவர் இறந்தப்போ இவங்களுக்கு 36 வயசு. ஊர் ஊராப் போய் வாசிச்சுத்தான் குடும்பத்தைக் காப்பாத்தினாங்க. வாசிக்கிறதுல ராணி, சந்தேகமே இல்லை. யூரோ வர்றதுக்கு முன்னாடி ஜெர்மனியோட 100 மார்க் நோட்டுல இவங்க முகம்தான் இருந்துச்சு. நோட்டுல இடம் கொடுத்தாங்க, கச்சேரிப் பட்டியல்ல ரொம்ப காலம் இடம் கொடுக்கலை. ஏ மைனர் பியானோ கான்செர்டோன்னு தேடினா, ராபர்ட் ஷூமான் 1845-ல முடிச்சதுதான் முதல்ல வந்து நிக்கும். அந்த கான்செர்டோவை முதன்முதலா மேடையில வாசிச்சதும் கிளாராதான்!

நிலைமை மாறிக்கிட்டு இருக்கு. 2019-ல கிளாராவோட 200-வது பிறந்த ஆண்டு. அப்போ இசாட்டா கன்னே மேசன்ங்கிற இங்கிலாந்து இளம்பெண் தன்னோட முதல் ஆல்பத்தையே கிளாராவுக்குன்னு ஒதுக்கி, இந்த கான்செர்டோவை வாசிச்சாங்க. 2023-ல இத்தாலியின் பியாட்ரீஸ் ரானா, கணவன் மனைவி ரெண்டு பேர் கான்செர்டோவையும் ஒரே ஆல்பத்துல பக்கத்துப் பக்கத்துல வச்சாங்க. நமத்துப்போச்சுன்னு மூலையில போட்ட வெடி, வெயில்ல காய்ஞ்சு எழுந்து உட்கார்ந்த மாதிரி!

இப்போ உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "பாவம், பொண்ணு எழுதினது, 16 வயசு, அதனால சூப்பர்"னு மார்க் போடாதீங்க. பெக்கர் செய்ததையே நீங்க தலைகீழாச் செய்யறீங்கன்னு அர்த்தம். அவரும் பேரைப் பார்த்தார், நீங்களும் பேரைத்தான் பார்க்கறீங்க. ரெண்டு பேருமே கேட்கலை! கடைசிப் பகுதி இழுவைன்னு தோணுச்சா, தைரியமாச் சொல்லுங்க. செல்லோ வர்ற இடத்துல தொண்டை அடைச்சுதா, அதையும் சொல்லுங்க. எழுதினவங்களுக்குச் செய்யற மரியாதை அதுதான்.

இதை நான் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு.

காலேஜ்ல என் கிளாஸ்மேட் ஒருத்தி ஒரு நோட்டை என்கிட்ட நீட்டினா. கவிதை. நாற்பது பக்கம் இருக்கும். நான் ரெண்டு பக்கம் புரட்டிட்டு, பெரிய மேதாவி மாதிரி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா லேடீஸ் எழுதற மாதிரி இருக்கு"ன்னேன். சிரிச்சுக்கிட்டே வாங்கி பையில வச்சுக்கிட்டா. அப்புறம் எப்பவும் காட்டலை. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டுல பார்த்தேன். "இப்பவும் எழுதறியா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சுப்பா. அச்சாபீஸ்ல ப்ரூஃப் பார்க்கிறேன். அடுத்தவங்க எழுதினதைத் திருத்தவே நேரம் சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு, எனக்குச் சாம்பார் ஊத்தச் சொல்லி பரிமாறுற பையனைக் கூப்பிட்டா. சாப்பாடு இறங்கலை.

அந்த நோட்டுல மூணாவது பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. புரட்டாதது நான்தான்.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, யூடியூப்ல 'கிளாரா ஷூமான் பியானோ கான்செர்டோ'ன்னு தேடி ஒரு தடவை முழுசாக் கேளுங்க. பிடிக்கலைன்னா ரெண்டாவது பகுதியை மட்டும் ராத்திரி மொட்டை மாடியில இன்னொரு தடவை. நாலு, அஞ்சு நிமிஷம்தான். கீரவாணியிலயும் நடபைரவியிலயும் ராஜா போட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த காது நம்மளது. மைனர் ஸ்கேல் நமக்குப் புதுசில்லை, யாரும் வந்து கோனார் நோட்ஸ் தர வேண்டியதில்லை.

ரெண்டாவது வேலை, உங்க கிளாஸ்லயோ ஹாஸ்டல்லயோ யாராவது ஒரு நோட்டை நீட்டினா, ஒரு ட்யூனை ஹம் பண்ணிக் காட்டினா, தயவுசெஞ்சு கடைசிப் பக்கம் வரைக்கும் போங்க. அப்புறம் நல்லா இல்லைன்னுகூடச் சொல்லுங்க, பரவாயில்லை.

கேட்டுட்டு எனக்கு எழுதுங்க. 'சூப்பர்'னு ஒத்தை வார்த்தை வேண்டாம். எந்த இடத்துல காது நிமிர்ந்துச்சுன்னு சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாமா?