பெண் அப்பா!

எஸ்பெராண்டோ மொழியில் அப்பாவுக்கு ‘பாத்ரோ’ என்று பெயர். லத்தீன் ‘பாத்தெர்’ தந்த சொல். அம்மாவுக்கு? லத்தீனிலேயே ‘மாத்தெர்’ இருக்கிறதே, அதையும் எடுத்திருப்பார்கள் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. அம்மா ‘பாத்ரினோ’. பிரித்துப் பாருங்கள். ‘பாத்ர்’ அப்பா, ‘இன்’ பெண், கடைசி ‘ஓ’ பெயர்ச்சொல் என்பதற்கான முத்திரை. ஆக, அம்மா என்பவள் பெண் அப்பா!

மாமியார் கதை இன்னும் தமாஷ். கல்யாணத்தால் வந்த உறவுக்கு ‘போ’ என்ற ஒட்டு. ‘போபாத்ரினோ’ என்றால், கல்யாணத்தால் வந்த பெண் அப்பா.

1887-ல் வார்சாவில் இந்த மொழியை வெளியிட்ட ஸாமென்ஹோஃப் ஒரு கண் டாக்டர். பிறந்த ஊரான பியாலிஸ்டோக்கில் ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று ஆளாளுக்கு ஒரு பாஷை, ஓயாத சண்டை. பொதுமொழி வந்தால் பகை தீரும் என்று நம்பிய நல்ல மனுஷன். அவரைக் குறை சொல்வானேன், எல்லாம் சிக்கனத்துக்காகத்தான், ஒரு ஒட்டைக் கற்றால் பாதிச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டாமே என்கிறார்கள் அபிமானிகள்.

நான் பி.காம். படித்தவன். சிக்கனம் எனக்கும் பிடிக்கும். ஆனால், யார் கணக்கில் கை வைத்து மிச்சம் பிடிக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? அம்மாவை வேர்ச்சொல்லாக வைத்து அப்பாவை ‘ஆண் அம்மா’ ஆக்கியிருந்தாலும் இதே மிச்சம்தானே? அது ஏன் தோன்றவில்லை?

அந்தக் காலம் அப்படி என்பதும் எடுபடாது. ‘இன்’ ஒட்டு ஜெர்மன் பாணி. அரசன் ‘கோனிக்’, அரசி ‘கோனிகின்’. அந்த ஜெர்மனே அம்மாவிடம் இந்த வேலையைக் காட்டவில்லை. அங்கே அவள் ‘முட்டர்’. ரஷ்ய மொழியிலும் ‘மாத்’ தனிச்சொல்தான். பழைய வீட்டில் சுவர் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பிளான் போட்டுக் கட்டிய புது வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தனி அறை இல்லை என்றால்?

திருத்த முடியாததும் இல்லை. 1907-ல் எஸ்பெராண்டோவைச் சீர்திருத்திப் பிறந்த ‘இடோ’ மொழியில் அம்மா ‘மாத்ரோ’. எஸ்பெராண்டோக்காரர்களோ, 1905-ல் அடிப்படை விதிகளைத் தொடக்கூடாது என்று பூட்டுப் போட்டவர்கள்.

எஸ்பெராண்டோவையே தாய்மொழியாகக் கொண்டு வளரும் குழந்தைகள் இன்று உண்டு. அம்மாவைச் செல்லமாக அழைக்க அவர்களுக்குக் கிடைத்த சொல் ‘பான்யோ’. அந்தப் ‘பா’வும் அப்பாவிடம் வாங்கிய கடன்தான். அம்மாவுக்கென்று ஒரு ‘மா’ கொடுத்தால் உலக சமாதானம் கெட்டுவிடுமா என்ன?