நீ எந்த டைப்?



இப்போது நம்ம பள்ளியில் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். "நீ எந்த டைப்?" போனில் ஒரு தேர்வு வருகிறது. உனக்குக் கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா? யோசித்து முடிவு எடுப்பாயா, மனசு சொல்கிறபடி செய்வாயா? இப்படி வரிசையாகக் கேட்கும். பதில் சொல்லி முடித்தால் நாலு ஆங்கில எழுத்து வரும். ஒருத்திக்கு ஐ.என்.எஃப்.பி., இன்னொருத்திக்கு இ.எஸ்.டி.ஜே. அதை நோட்டு அட்டையில் எழுதிக்கொண்டு திரிகிறோம்.

விளையாட்டாக இருக்கிறவரை பரவாயில்லை. ஆனால் இப்போது பேச்சு வேறு மாதிரி போகிறது. "அவ இன்ட்ரோவர்ட், பேச்சுப் போட்டிக்கு அவ பேரைக் குடுக்காதே." "அவன் முன்கோபி டைப், நம்ம குரூப்புல வேண்டாம்." அதனால்தான் இதை எழுதுகிறேன். என் கருத்து இதுதான். ஒருவர் குணத்தைப் புரிந்துகொள்ள டைப் கொஞ்சம் உதவும். ஆனால் அவரால் எது முடியும், எது முடியாது என்று தீர்ப்புச் சொல்ல அது உதவாது.

இது புதுசு இல்லை

மனிதர்களை வகை பிரிக்கிற ஆசை ரொம்பப் பழசு. அந்தக் காலத்துக் கிரேக்க மருத்துவர்கள், உடம்பில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நாலு நீர் இருப்பதாகச் சொன்னார்கள். எது மிஞ்சி இருக்கிறதோ அதன்படி ஒருவர் கலகலப்பானவர், மந்தமானவர், கோபக்காரர், சோகமானவர் என்றார்கள். நம்ம சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. எங்கள் பாட்டி இன்றைக்கும், "அவனுக்குப் பித்த உடம்பு, அதான் சுள்ளுன்னு கோபம் வருது" என்று சொல்லும். ஜோசியத்தில் 12 ராசி, 27 நட்சத்திரம். ஜப்பானில் இரத்த வகையை வைத்துக் குணம் சொல்கிறார்கள். 1927-ல் டகேஜி ஃபுருகாவா என்பவர் எழுதிய கட்டுரையில் தொடங்கி அது பரவியது. இரத்த வகைக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக ஆராய்ச்சியில் தெரியவில்லை. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

நம்ம போன் தேர்வுக்கும் ஒரு கதை உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனசு உள்பக்கம் திரும்பியவர் அகமுகர், வெளிப்பக்கம் திரும்பியவர் புறமுகர் என்று அதில் பிரித்தார். அதைப் படித்த அமெரிக்கப் பெண்மணி கேத்தரின் பிரிக்ஸும், அவர் மகள் இசபெல் மயர்ஸும் சேர்ந்து மனிதர்களை 16 வகையாகப் பிரித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெண்கள் நிறையப் பேர் புதிதாக வேலைக்குப் போனார்கள். யாருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டுபிடிக்க உதவட்டும் என்று மகள் இந்தக் கேள்வித்தாளைத் தயார் செய்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இருவருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. நாம் போனில் எழுதுவது பெரும்பாலும் அதைப் பார்த்து மற்றவர்கள் செய்தது.

ஒரு சின்னக் கணக்கு

2022-ல் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. அதை 16-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு வகைக்குச் சராசரியாக 50 கோடி பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7.21 கோடி. அப்படியென்றால் ஏழு தமிழ்நாடு அளவு மக்களுக்கு ஒரே குணமா? எங்க வீட்டில் நானும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். எங்களுக்கே குணம் ஒத்துப்போகவில்லை!

"ஆனா எனக்கு அப்படியே பொருந்துதே!"

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஏன் பொருந்துகிறது? 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத்தேர்வு வைத்தார். பிறகு "இது உன்னைப் பற்றிய முடிவு" என்று ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்படியே பொருந்திவிட்டது! அப்புறம்தான் தெரிந்தது, 39 பேருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகளை அவர் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

"வெளியே சிரித்தாலும் உன் மனசுக்குள் ஒரு கவலை இருக்கிறது" என்று எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது? குடுகுடுப்பைக்காரர் சொல்வதும் இப்படித்தானே!

இன்னொரு விஷயம். 35 எடுத்தவன் பாஸ், 34 எடுத்தவன் ஃபெயில். ஆனால் 34-க்கும் 35-க்கும் ஒரு மார்க்தான் வித்தியாசம். 35-க்கும் 100-க்கும் எவ்வளவு தூரம்! இருந்தாலும் 35-ம் 100-ம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. டைப்பும் இப்படித்தான். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் நின்றால் அகமுகர், அந்தப் பக்கம் கொஞ்சம் நின்றால் புறமுகர். நம்மில் பலர் அந்த நடுக்கோட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறோம். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேற எழுத்து வருகிறது. இப்போதைய உளவியல் அறிஞர்கள் நிறையப் பேர் இப்படிப் பெட்டி போடுவதில்லை. குணத்தை ஐந்து பண்புகளாக வைத்து, உயரத்தை அளக்கிற மாதிரி ஒவ்வொன்றும் எவ்வளவு என்று அளக்கிறார்கள்.

நம்ம வகுப்பையே பாருங்கள்

நம்ம வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வகுப்பில் அவள் வாயே திறக்க மாட்டாள். "ஊமைக்கோட்டான்" என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். சந்தை அன்றைக்கு அவள் அம்மாவோடு கீரைக்கட்டு விற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கூவுகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். பேரம் பேசுகிறவர்களுக்குப் பட்டென்று பதில் சொல்வாள். மீதிச் சில்லறைக் கணக்கை மனசிலேயே போடுவாள். இவள் எந்த டைப்? வகுப்பில் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள். சந்தையில் சிரிக்க ஆள் இல்லை. அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொருவன் "முன்கோபி". காலையில் நாலரை மணிக்கு எழுந்து மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, பாதி நாள் சாப்பிடாமல் வருகிறான். முதல் பீரியடில் யார் தொட்டாலும் எரிந்து விழுவான். மதியம் சத்துணவு சாப்பிட்ட பிறகு பாருங்கள், அவனைப் போல் ஜோக் அடிக்க நம்ம வகுப்பில் ஆளே கிடையாது. அது குணமா, பசியா? போனில் ஒரு கேள்விகூட "காலையில் சாப்பிட்டாயா?" என்று கேட்கவில்லையே!

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தனித் தராசு வைத்திருக்கிறார்கள். ஒரு பையன் எழுந்து கேள்வி கேட்டால் "தைரியசாலி, லீடர் டைப்". அதே கேள்வியை ஒரு பொண்ணு கேட்டால் "வாயாடி". பையன் பேசாமல் இருந்தால் "உம்மணாமூஞ்சி". பொண்ணு பேசாமல் இருந்தால் "அடக்கமான பொண்ணு". செய்த காரியம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. இந்தப் பெயர் பள்ளியோடு போய்விடுவதும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது, "நீ அமைதியான பொண்ணு, வக்கீல் வேலையெல்லாம் உனக்கு ஒத்துவராது" என்று வீட்டில் சொல்வார்கள். 16 வகைத் தேர்வை நடத்துகிற அமெரிக்க நிறுவனமே, வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அப்புறம் நாம் எப்படி இதை வைத்து ஒருத்தியின் படிப்பை முடிவு செய்வது?

அப்படியென்றால் டைப்பே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. அதில் ஒரு நல்லது இருக்கிறது. எல்லோரும் நம்மைப் போலவே இருக்க மாட்டார்கள் என்று அது சொல்லித் தருகிறது. இடைவேளையில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவளைத் "திமிர் பிடிச்சவ" என்று முன்பு சொன்னவர்கள், இப்போது "அவளுக்கு அதுதான் பிடிக்கும்" என்கிறார்கள். இது நல்ல மாற்றம். பிறரைப் புரிந்துகொள்ள டைப்பைப் பயன்படுத்துங்கள். ஒதுக்கி வைக்கப் பயன்படுத்தாதீர்கள். முழுக்க அகமுகர், முழுக்கப் புறமுகர் என்று யாரும் இல்லை என்று யுங்கே சொல்லியிருக்கிறார்.

நாம் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

1. காலைப் பிரேயரில் செய்தியும் திருக்குறளும் வாசிக்க எப்போதும் அதே நாலு பேர்தான் போகிறார்கள். இனி வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும் முறை வரட்டும். பயமாக இருப்பவர்களுக்கு முதல் நாளே தாளைக் கொடுத்துவிடலாம்.

2. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது "அவ வரமாட்டா" என்று நாமே சொல்லக் கூடாது. அவளிடம் போய்க் கேட்க வேண்டும். வரமாட்டேன் என்றால் அது அவள் முடிவு.

3. யாராவது எரிந்து விழுந்தால் பட்டப்பெயர் வைப்பதற்கு முன்னால் "சாப்பிட்டியா? உடம்பு சரியில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்போம்.

திருக்குறளில் 51-ம் அதிகாரம் "தெரிந்து தெளிதல்". ஆளை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அதில் விஷயம். ஒருவரிடம் உள்ள நல்லதையும் பார், குறையையும் பார், எது அதிகமோ அதை வைத்து முடிவு செய் என்கிறார் வள்ளுவர். ஒருவர் பெரியவரா சிறியவரா என்று உரசிப் பார்க்கிற உரைகல், அவர் செய்கிற காரியம்தான் என்றும் சொல்கிறார். உரைகல்லில் உரசாமல் எந்த ஆசாரியும் தங்கத்துக்கு விலை சொல்ல மாட்டார். ஒருத்திக்குப் பேச ஒரு வாய்ப்பே கொடுக்காமல், "அவளுக்குப் பேச வராது" என்று நாம் மட்டும் எப்படிச் சொல்லலாம்?

அடுத்த மாதம் பேச்சுப் போட்டிக்குப் பெயர் எழுதும் தாள் இந்தப் பலகையில் ஒட்டப்படும். இதுவரை மேடை ஏறாதவர்கள் முதலில் எழுதுங்கள். மற்றவர்கள் கொஞ்சம் இடம் விடுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி